குறை சொன்னவர் சுமக்க வேண்டும்

திருப்பதிப் பக்கம் உள்ள புத்தூரில், ரயில்வே கேட்டை ஒட்டி, எஸ்.டி.டி. பூத் வைத்திருந்த தாட்சாயணியைத் தெரியாதவர்கள் அந்த வட்டாரத்தில் குறைவு. குவைத்துக்குப் பேச வேண்டுமென்றால் நாராயணவனத்திலிருந்தும் நாகலாபுரத்திலிருந்தும்கூட அவளிடம்தான் வருவார்கள். கண்ணாடிக் கதவுக்குள் ஒருவர் நின்று கத்திக்கொண்டிருப்பார். வெளியே பெஞ்சில் காத்திருப்பவர்கள் அந்தக் குடும்பத்துச் செய்தி முழுவதையும் கேட்டுத் தலையாட்டிக்கொண்டிருப்பார்கள். தாட்சாயணி அதைக் காதில் வாங்கமாட்டாள். ஒரு கண் மீட்டரில் இருக்கும். விரல்கள் மேசை விளிம்பில் ஓசையில்லாமல் ஏறி இறங்கிக்கொண்டிருக்கும். புதிதாக வருகிறவர்கள் அதை ஏதோ நரம்புக் கோளாறு என்று நினைத்துக்கொள்வார்கள்.

அவள் பாட்டு வாசித்துக்கொண்டிருந்தாள். கோனா மெல்லிசைக் குழுவுக்குக் கீபோர்டு அவள்தான்.

வாசிக்க அவளுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. பிறந்த ஊரான நாராயணவனத்தில் பஜனைக்கு வைத்திருந்த ஆர்மோனியத்தை, பஜனை முடிந்து ஆட்கள் பிரசாதத்துக்குப் போகிற நேரத்தில் தடவிப் பார்த்துப் பழகியவள். கணவன் சந்திரன் லாரி ஓட்டிக்கொண்டிருந்தவன், விசா கிடைத்துக் குவைத்துக்குப் போனான். முதல் லீவுக்கு வருமுன் போனில், என்ன வாங்கி வரட்டும் என்று கேட்டான். எல்லா வீட்டுப் பெண்களும் வளையல் என்பார்கள். தாட்சாயணி, "கீபோர்டு. சின்னது வேணாம், அஞ்சு ஸ்தாயி இருக்கறது" என்றாள். லைன் அறுந்துவிட்டதென்று நினைத்தாள். பிறகு சிரிப்பு கேட்டது.

கோனா செட்டில் ஆரம்பத்தில் ஏழெட்டுப் பேர் இருந்தார்கள். கைலாசகோனா அருவிக்குப் பிக்னிக் போன இடத்தில் பாடிப் பாடிச் சேர்ந்த கூட்டம், அதனால் அந்தப் பெயர். யாருக்கும் இது தொழில் இல்லை. கல்யாணத்துக்கோ கோயில் ஜாத்திரைக்கோ கூப்பிட்டால் போவார்கள், வேன் அனுப்பிச் சாப்பாடு போட்டால் போதும். தெலுங்குப் பாட்டு ஒன்று, தமிழ்ப் பாட்டு ஒன்று என்று மாற்றி மாற்றி வாசிப்பார்கள். பெண் வீடு தமிழாகவும் மாப்பிள்ளை வீடு தெலுங்காகவும் இருக்கும் ஊர்களில் அது தோதாக இருந்தது. அப்புறம் ஊரில் எல்லோருக்கும் கால் முளைத்தது. கிதார்க்காரன் சென்னைப் பக்கம் கார் கம்பெனிக்குப் போனான். புல்லாங்குழல் திருப்பூருக்குப் போய் பனியன் தைத்தது. தொண்ணூற்றேழில் மிஞ்சியவர்கள் நாலு பேர். தாட்சாயணி, டோலக்கும் பாங்கோவும் வாசிக்கும் கோவர்த்தனன், திருச்சானூரில் ஒரு லாட்ஜில் ரூம் போட்டுக்கொடுக்கும் வேலையிலிருந்த பாடகன் ஸ்ரீஹரி, பால்வாடியில் பிள்ளைகளைப் பார்த்துக்கொண்ட பாடகி காஞ்சனா. இதில் ஒருவர் போனாலும் செட்டு இல்லை. அது நாலு பேருக்கும் தெரியும்.

ஏழெட்டுப் பேர் இருந்த காலத்தில் கச்சேரி ஒழுங்காக முடியும், பந்தியில்தான் சண்டை வரும். நீ அங்கே விட்டாய், நீ இங்கே ஏறினாய் என்று ஆரம்பித்து, சாம்பார் ஊற்றுவதற்குள் பிறப்பு வளர்ப்பு வரை போய்விடும். நகரியில் ஒரு கல்யாணத்தில் கிதாரும் புல்லாங்குழலும் இலையை விட்டு எழுந்துவிட்டார்கள். அன்றைக்குத் தாட்சாயணி ஒரு சட்டம் போட்டாள்.

"குறை சொல்லுங்க, யாரு வேணான்னா. ஆனா யாரைச் சொன்னீங்களோ அவங்க வாத்தியத்த அவங்க வீடு வரைக்கும் நீங்கதான் தூக்கிக்கினு போவணும். போற வழியில எவ்ளோ வேணா சொல்லுங்க."

விளையாட்டாகத் தொடங்கியது, பழக்கமாக நின்றுவிட்டது. தோளில் பாரத்தோடு நடக்கிறவனால் கத்த முடியாது. இந்தக் குறை இந்த எடைக்குத் தகுமா என்று முதலில் யோசிப்பான். திட்டு வாங்குகிறவனோ கைவீசி நடந்து வருவான், வீடு வருவதற்குள் பாதிக் கோபம் ஆறிவிடும். பாடகர்களுக்கு வாத்தியம் இல்லையே என்று கேள்வி வந்தபோது, அவர்கள் பையைத் தூக்கவேண்டும் என்று முடிவாயிற்று. காஞ்சனாவின் பையில் மாற்றுச் சேலையும் வெந்நீர் பிளாஸ்கும் பிள்ளைகளுக்குக் கட்டிக்கொண்ட ஜாங்கிரியும் இருக்கும். அவள் பாட்டைக் குறை சொல்ல ஆண்கள் பயந்ததற்கு அந்தப் பைதான் காரணம் என்று ஒரு பேச்சு உண்டு.

அதிகம் சுமந்தவர்கள் தாட்சாயணியும் கோவர்த்தனனும்தான்.

கோவர்த்தனன் விசைத்தறி ஓட்டுகிறவன். சந்திரனோடு ஒரே தெருவில் வளர்ந்தவன், அதனால் தாட்சாயணி அவனுக்கு அண்ணி. கை சுத்தமான கை, அடித்தால் மணி மாதிரி விழும். ஒரே குறை, அவன் தாளத்தை விட்டு முன்னே ஓடுகிறான் என்பாள் தாட்சாயணி. நீங்கதான் இழுக்கிறீங்க என்பான் அவன். எல்லாப் பாட்டிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்டு. அதிகமாக முட்டிக்கொண்டது ஒரு தெலுங்குக் கல்யாணப் பாட்டில். தாலி கட்டி முடிந்ததும் எந்தக் கல்யாணத்திலும் அதைக் கேட்பார்கள். பந்தலைப் பற்றி வரும் பாட்டு என்பதால் செட்டுக்குள் அதற்குப் பந்தல் பாட்டு என்று பெயர்.

"தறி ஓட்டற கை உனக்கு. அது பாட்டு, துணி பீஸு இல்ல. இன்னைக்கே அறுத்துக் குடுக்கணும்னு யாரும் கேக்கல" என்பாள், அவன் டோலக்கைத் தோளில் மாட்டிக்கொண்டு தேரடி வீதியில் நடந்தபடி.

"நீங்க வாசிக்கறதக் கேட்டா மாப்பிள்ளைக்கே தூக்கம் வருது அண்ணி. நான் இன்னா பண்றது" என்பான் அவன். அடுத்த வாரம் அவளுடைய கீபோர்டைத் தலையில் வைத்துக்கொண்டு வருவது அவன் முறையாக இருக்கும்.

அந்த ஆனியில் திருச்சானூர் மண்டபமொன்றில் கல்யாணம். பந்தல் பாட்டு வந்தது. தாட்சாயணி முன்னிசையை வாசித்து முடித்தாள். டோலக் இறங்கிய இடத்திலேயே இரண்டு பேரும் இரண்டு பாட்டு வாசிக்கிற மாதிரி ஆகிவிட்டது. அவளும் விடவில்லை, அவனும் விடவில்லை. நடுவில் மாட்டிய ஸ்ரீஹரி இந்த வரி அவளோடு, அந்த வரி அவனோடு என்று தாவினான். காஞ்சனா சேர வேண்டிய இடத்தில் யாரோடு சேர்வது என்று தெரியாமல் மைக்கை இறக்கிவிட்டாள். பாட்டு நின்றுபோயிற்று. முன்வரிசையில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் மாமன், கோபமில்லாமல், உதவி செய்கிறவர் குரலில் சொன்னார்:

"ரிகார்டு வேயண்டி பாபு."

இவர்களை நிறுத்திவிட்டு ரிக்கார்டைப் போடச் சொல்கிறார். மைக்செட்டுக்காரனும் உடனே போட்டுவிட்டான். நாலு பேரும் மேடையில் உட்கார்ந்திருக்க, ஒலிபெருக்கிக் குழாய் அவர்கள் பாட்டைப் பாடியது. அவமானத்தில் அது யார் காதிலும் சரியாக ஏறவில்லை.

முகூர்த்தச் சாப்பாடு முடிந்து வேனில் திரும்பினார்கள். வடமாலைப்பேட்டை தாண்டியதும் கோவர்த்தனன் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னான்.

"திருப்பதி செட்டுல கூப்ட்டுக்கினே இருக்காங்க. நாராயணவனம் திருவிழா வரைக்கும் வாசிக்கிறேன். அதுக்கப்புறம் அங்க போயிட்றேன்."

"அங்க இன்னா விசேஷம்" என்றாள் காஞ்சனா.

"அங்க யாரும் ஒண்ணும் சொல்றதில்ல. வாசிச்சமா, துன்னமா, வந்தமான்னு இருக்கலாம். இங்க ஒரு வருசமா ஓட்றான் ஓட்றான்னு கேட்டுக் கேட்டுக் காது புளிச்சிப்போச்சி. இழுக்கறது அவங்க. மாட்டிக்கிறது நானு."

தாட்சாயணிக்கு வாய்வரை பதில் வந்தது. ஆனால் அவன் குறை சொல்லிவிட்டான், சட்டப்படி இப்போது சுமப்பதும் பேசுவதும் அவன் முறை. செட்டு போனால் தனக்கு என்ன மிஞ்சும் என்று நினைத்துப் பார்த்தாள். மீட்டர், பெஞ்சு, பிறத்தியார் வீட்டுச் செய்தி.

புத்தூரில் இறங்கியதும் கோவர்த்தனன் அவள் முகத்தைப் பார்க்காமல் கீபோர்டுப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்துக்கொண்டான். கோபம் கோபமாக இருந்தாலும் சட்டம் சட்டம். அவன் பேசாமல் சுமந்தது அன்றைக்குத்தான்.

பூத்துக்குப் பின்னாலேயே வீடு. உள்ளே டேப் ரிக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. மாமியார் சந்திரம்மா சாப்பிட்டுக் கை கழுவியதும் மகன் அனுப்பிய கேசட்டைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்துவிடுவாள். கடிதம் எழுத அலுப்புப்பட்ட சந்திரன், தான் பேசிப் பதிந்த கேசட்டை லீவில் வருகிறவர்களிடம் கொடுத்தனுப்புவான். அம்மா நல்லா இருக்கியா, கால் வலி எப்படி இருக்கு, இங்கே வெயில் என்று ஒரு பக்கம் முழுக்க ஓடும்.

கோவர்த்தனன் பெட்டியை இறக்கப் போனவன் அப்படியே நின்றான்.

"யாரு இது?"

"யாருன்னா? உங்க அண்ணன்தான்" என்றாள் தாட்சாயணி.

"அண்ணனா? இன்னா, ஜொரத்துல பேசினாரா?"

சந்திரம்மா நிமிர்ந்து பார்த்தாள். "உனக்கும் அப்பிடித்தான் கேக்குதா நைனா? எம் புள்ள அங்க இன்னா கஷ்டப்படுதோ தெரியல. வார்த்த வார்த்தையா முக்கி முக்கிப் பேசுது. திருச்சானூரு அம்மாவுக்கு வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம ஒருபொழுது இருந்துக்கினு கீறேன்."

"போன மாசம் உங்க பூத்துலதானே எங்கூடப் பேசினாரு" என்றான் கோவர்த்தனன் தாட்சாயணியிடம். "பொரி வறுக்கற மாதிரி பேசினாரே. நான் ஒரு வார்த்த சொல்றதுக்குள்ள நாலு சொல்லிட்டாரு."

"போன்ல அப்படித்தான். லைன்ல கொரல் மெலிஞ்சி போவும்" என்றாள் தாட்சாயணி. சொல்லும்போதே அது சரியில்லை என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. லைனில் குரல் மெலியும், உண்மைதான். வேகமாகுமா? எத்தனை பேர் பேசுவதைக் கேட்டிருக்கிறாள். யாரும் போனில் வேகமாகவில்லை.

"உன் டேப் ரிக்கார்டர எடுத்துக்கினு வா" என்றாள்.

"எதுக்கு?"

"எடுத்துக்கினு வா, சொல்றேன்."

கோவர்த்தனன் சைக்கிளில் போய்க் கொண்டுவந்தான். பர்மா பஜாரில் வாங்கியது, அவனுக்கு அது பிள்ளை மாதிரி. தாட்சாயணி கேசட்டை எடுத்து அதில் போட்டாள். பட்டனை அழுத்தியதும் சந்திரன் வந்தான். தினம் அந்த வீட்டில் பேசும் சந்திரன் இல்லை. லாரிப் படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கிளீனரைக் கிண்டல் செய்தபடி, பெண்டாட்டியிடம் ஊருக்குப் போய்விட்டு வருகிறேன் என்று சொல்வானே, அந்தச் சந்திரன். அம்மா நல்லா இருக்கியா, கால் வலி எப்படி இருக்கு, இங்கே வெயில், அதே வார்த்தைகள்தான். சொல்லும்போது சிரிப்பை அடக்கிக்கொண்டிருக்கிறான். இத்தனை நாளாக அந்தச் சிரிப்பு யாருக்கும் கேட்கவில்லை.

சந்திரம்மா வாயில் கைவைத்துக் கேட்டாள். முடிந்ததும், "அடப் பாவி, நல்லாதான் கீறானா இவன்" என்றாள். "அம்மாவுக்கு எத்தினி ஒருபொழுது இருந்தேன்."

"அதனாலதான் நல்லா கீறாரு பெரிம்மா" என்றான் கோவர்த்தனன்.

தாட்சாயணி அவர்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பெட்டியைத் திறந்து கீபோர்டை எடுத்துத் தரையிலேயே வைத்தாள். பந்தல் பாட்டுக் கேசட்டை அவன் டேப்பில் போட்டாள். முதல் வரி வந்ததும் சுருதியைத் தேடிக் கட்டையை அழுத்தினாள். ஐந்து கட்டையில் கச்சிதமாக உட்கார்ந்தது, மூடிபோட்டு மூடின மாதிரி.

அவளுக்குக் காது சூடாயிற்று. அந்தப் பாட்டை இந்த வீட்டு டேப்பில் கேட்டுப் பழகிய அன்று, சுருதி நாலுக்கும் நாலரைக்கும் நடுவே எங்கேயோ விழுந்தது நினைவிருந்தது. கீபோர்டில் நடுவே ஒன்றும் கிடையாது. பாடினவர் அப்படிப் பாடியிருக்கிறார் போல என்று எண்ணிக்கொண்டு, ஸ்ரீஹரியின் தொண்டைக்கும் தோதாக இருக்கட்டுமென்று நாலில் வைத்துக்கொண்டாள். அன்றைக்கே டேப் அவளிடம் சொல்லியிருக்கிறது. அவள்தான் கேட்காமல் தாண்டிப் போயிருக்கிறாள். பழைய டேப், உள்ளே பெல்ட் தொளதொளத்து, ஓட வேண்டியதை நடத்திக் காட்டிக்கொண்டிருந்தது. சுருதி இறங்கிய அளவுக்கு வேகமும் இறங்கியிருந்தது. அந்த நடையை அவள் விரலில் ஏற்றி, ஒரு வருடமாக அடுத்தவனை ஓடுகிறான் என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

"நான்தான் இழுத்திருக்கேன்" என்றாள்.

கோவர்த்தனன் சுவரில் சாய்ந்து வசதியாக உட்கார்ந்துகொண்டான். "இன்னொருவாட்டி சொல்லுங்க அண்ணி. பெரிம்மாவுக்குக் கேக்கல."

"இழுத்தது நானு. போதுமா?"

"ஒரு வருசம் டோலக்கு தூக்கினீங்களே, அந்தக் கூலி?"

"அத உங்க அண்ணன் வந்து குடுப்பாரு. திருவிழாவுக்கு முன்னாடி நான் எல்லாப் பாட்டையும் புதுசாப் பழகணும். உன் டேப்ப இங்கியே வுட்டுட்டுப் போ."

அவன் விட்டுவிட்டுப் போனான். திருப்பதி செட்டைப் பற்றி அன்றைக்கு ஒன்றும் பேசவில்லை.

வாரம் ஒருநாள் தறிகளுக்குப் பவர் ஹாலிடே, கரண்டு கிடையாது. தறிகள் நிற்கும் அந்த நாளில்தான் கோவர்த்தனனின் முதலாளியுடைய கொட்டகையில் இவர்கள் ஒத்திகை. கீபோர்டு பாட்டரியில் ஓடும். அடுத்த ஒத்திகையில் தாட்சாயணி நடந்ததை எல்லோரிடமும் சொன்னாள். ஒளிக்கவுமில்லை, உருகவுமில்லை. டேப் மெதுவாக ஓடியது, நான் கவனிக்காமல் விட்டேன், இப்போது திருத்திவிட்டேன், கேளுங்கள் என்று சொல்லி வாசித்துக் காட்டினாள். வாரம் முழுக்கப் பூத் மேசையில் அடித்துப் பழகியிருந்தாள். பாட்டு எழுந்து நின்றது.

ஸ்ரீஹரி தலையைச் சொறிந்தான். "எனக்கு முன்னயே டவுட்டுதான் அக்கா. எங்க லாட்ஜ்ல டிவில அந்தப் பாட்டு வரும்போதெல்லாம், நம்ம பாடறத வுட சுருசுருன்னு போகுதேன்னு தோணும்."

"அப்ப ஏன்டா சொல்லல?"

"சொன்னா கீபோர்டு தூக்கணுமே. உங்க வீடு கேட்டுக்கு அந்தாண்ட இருக்குது. ரயில் வேற எப்பவும் நின்னுக்கினு இருக்கும்."

கோவர்த்தனன் விழுந்து விழுந்து சிரித்தான். காஞ்சனா பையால் ஸ்ரீஹரி முதுகில் ஒன்று போட்டாள். தாட்சாயணி சிரிக்கவில்லை. தன் சட்டத்தில் ஓர் ஓட்டை இருப்பது இப்போதுதான் அவள் கண்ணில் பட்டது. சுமைக்குப் பயந்து வீண் சண்டை நின்றது, நல்லது. சுமைக்குப் பயந்து நல்ல சொல்லும் நின்றிருக்கிறது.

"சரே" என்றாள். "இன்னைலேர்ந்து சட்டம் இதுதான். குறை சொன்னா ஒண்ணு தூக்கணும். தெரிஞ்சும் சொல்லாம இருந்தா எல்லாத்தையும் தூக்கணும். ஸ்ரீஹரி, திருவிழா அன்னைக்கு மொத்த சாமானும் உன்னுது."

"அநியாயம் அக்கா."

"ஒரு வருசம் சும்மா இருந்தியே, அது?"

பிறகு பந்தல் பாட்டை ஆரம்பத்திலிருந்து வாசித்தார்கள். இரண்டு பேரும் ஒரே பாட்டை வாசிப்பது எவ்வளவு லேசாக இருக்கிறது என்று நாலு பேருக்கும் அப்போதுதான் தெரிந்தது. பல்லவி போயிற்று, முதல் சரணம் போயிற்று. இரண்டாவது சரணத்துக்கு முன்னால் டோலக்கு மட்டும் தனியாக வரும் ஓர் இடம். கோவர்த்தனன் கண்ணை மூடிக்கொண்டு அடித்தான். அது முடிந்து பாட்டுக்குள் திரும்பியபோது தாட்சாயணி ஓடிப் பிடிக்கவேண்டியிருந்தது.

இன்னொரு முறை வாசித்தார்கள். அதே இடம், அதே ஓட்டம்.

அவளுக்கு விளங்கிவிட்டது. டேப்பின் தப்பு அவள் தப்பு, அது போய்விட்டது. அதன் நிழலில் இத்தனை நாள் ஒளிந்திருந்தது இப்போது வெளியே வந்து நிற்கிறது. அவன் உண்மையிலேயே ஓடுகிறான். எல்லா இடத்திலும் இல்லை. தனியாக வாசிக்கக் கிடைக்கிற இடத்தில் மட்டும்.

காஞ்சனாவும் கவனித்துவிட்டாள். தண்ணீர் குடிக்க வெளியே போனபோது தாட்சாயணியின் முந்தானையைப் பிடித்து இழுத்தாள்.

"அக்கா, சொல்லாதீங்க. இப்பதான் அந்தாளு சிரிக்கிறாரு. திருப்பதி பேச்சே எடுக்கல. ஒரு வருசம் தப்பா சொல்லிட்டு, திரும்ப அதையே சொன்னா இன்னா நெனைப்பாரு? திருவிழா முடியட்டும்."

நியாயமான பேச்சு. போன வாரம்தான் தாட்சாயணியின் காது தப்பென்று ஆகியிருக்கிறது. இன்றைக்கு அதே காதை வைத்துக்கொண்டு அதே ஆளிடம் அதே குறையைச் சொல்ல வேண்டும். சொன்னால் அவன் எழுந்து போகலாம். போனால் செட்டு இல்லை. சொல்லாவிட்டால் செட்டு இருக்கும், ஒவ்வொரு கல்யாணத்திலும் அந்த இடத்தில் தடுக்கி விழுந்துகொண்டே இருக்கும்.

"காஞ்சனா, இப்பதானே சட்டம் போட்டேன்" என்றாள். "நாம ரெண்டு பேரும் சேந்து எல்லாத்தையும் தூக்கலாம்னு பாக்கறியா?"

உள்ளே வந்து கோவர்த்தனன் எதிரில் உட்கார்ந்தாள்.

"ரெண்டாவது சரணத்துக்கு முன்னால ஓட்ற."

கோவர்த்தனன் அவளைப் பார்த்தான், பிறகு ஸ்ரீஹரியைப் பார்த்தான்.

"இன்னா அண்ணி, திரும்பவுமா? இப்ப எந்த டேப்பு மெதுவா ஓடுது?"

"உன் டேப்பையே போடு. அதோட நீ வாசி. நான் கைய வைக்கல."

"போட்றேன்."

"இரு. புது பாட்டரி போட்டுட்டுப் போடு. இன்னொருவாட்டி நான் ஏமாறத் தயாரா இல்ல."

ஸ்ரீஹரி ஓடிப்போய்க் கடையில் பாட்டரி வாங்கி வந்தான். கோவர்த்தனன் உதட்டில் கிண்டலோடு டேப்பைத் தட்டிவிட்டு, அதோடு சேர்ந்து வாசித்தான். பல்லவியில் டேப்பும் அவனும் ஓர் ஆள். முதல் சரணத்தில் ஓர் ஆள். அந்த இடம் வந்தது. கண்ணை மூடினான். கை பறந்தது. அழகாகத்தான் இருந்தது, அதைத் தாட்சாயணி மறுக்கவே மாட்டாள். கடைசி அடியை அடித்துக் கையைத் தூக்கியபோது, டேப்பில் இருக்கும் டோலக்கு இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

கோவர்த்தனன் தூக்கிய கையோடு அதைக் கேட்டான். அந்த டோலக்கு அவசரமில்லாமல் வந்து முடிந்தது.

அவனே டேப்பைப் பின்னுக்குச் சுற்றினான். மறுபடி வாசித்தான். இந்த முறை கண்ணை மூடவில்லை. அப்படியும் முந்திக்கொண்டான், கொஞ்சம்தான்.

"முன்ன திருப்பதி செட்டுல ரெண்டு கச்சேரி வாசிச்சேன்" என்றான் மெதுவாக. "இதே எடம் வந்தது. சூப்பர்னு சொன்னாங்க."

"நல்லாதான் இருக்குது. சூப்பர்தான்" என்றாள் தாட்சாயணி. "ஆனா நீ முடிச்சிட்டு நிக்கற, பாட்டு இன்னும் வரல. அங்க ஒண்ணும் சொல்லமாட்டாங்கன்னா, அங்கியே வாசி. இங்க இருந்தா நான் சொல்லுவேன். நீயும் சொல்லு. நான் இழுத்தத நீதான் சொன்ன. யாரும் நம்பல, நானே நம்பல. ஆனா நீ சொல்றத நிறுத்தல. அதனாலதான் இன்னைக்குப் பாட்டு நேரா நிக்குது."

கோவர்த்தனன் டோலக்கின் கயிற்றை இழுத்து வளையத்தைச் சரிசெய்தான். சரிசெய்ய அதில் ஒன்றுமில்லை. பிறகு கயிற்றை விட்டுவிட்டு டோலக்கை அவள் பக்கம் தள்ளினான்.

"சரி, தூக்குங்க."

அவள் தூக்கினாள். டோலக்கைத் தோளில் மாட்டி, பாங்கோக்கள் இருந்த தகரப்பெட்டியை இடுப்பில் வைத்துக்கொண்டு கடைத்தெரு வழியே நடந்தாள். அவன் வெறுங்கையோடு ஓரடி பின்னால் வந்தான். கறிகாய்க் கடை கிருஷ்ணம்மா, "இன்னா தாச்சி, இந்த வாரமும் நீதானா?" என்று கேட்டாள். "எனக்குத்தான் வாய் சும்மா இருக்கறதில்லையே" என்றாள் தாட்சாயணி. பின்னாலிருந்து கோவர்த்தனன், "தனியா வாசிக்கறப்ப மனசுல பல்லவியப் பாடிக்கினே அடிச்சா நிக்குமா அண்ணி?" என்றான்.

"அடிச்சிப் பாரு. எனக்கு டோலக்கு தெரியாது. நீ ஓட்றது மட்டும்தான் தெரியும்."

நாராயணவனம் திருவிழாவில் சாயங்காலமே பந்தல் நிறைந்துவிட்டது. தாட்சாயணியின் பிறந்தகத்து ஆட்கள் முன்னால் இடம்பிடித்து உட்கார்ந்திருந்தார்கள். சந்திரம்மா ஒரு கேசட்டைக் கொண்டுவந்து மைக்செட்டுக்காரனிடம் கொடுத்து, முழுக்கப் பதியச் சொல்லியிருந்தாள், குவைத்துக்கு அனுப்ப. பந்தல் பாட்டு வந்தது. அந்த இடம் வந்தபோது தாட்சாயணி கீபோர்டிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். கோவர்த்தனன் கண்ணை மூடவில்லை. உதடு அசைந்துகொண்டிருந்தது, பல்லவி. கை அதே கைதான், விழுந்ததெல்லாம் மணிதான். அவன் முடித்த இடத்தில் பாட்டு வந்து தயாராக நின்றது. அவள் விரல் வைத்தாள்.

பந்தியில் நாலு பேரும் வரிசையாக உட்கார்ந்து சாப்பிட்டார்கள். வடை போயிற்று, பாயசம் போயிற்று. யாரும் குறை சொல்லவில்லை. ஸ்ரீஹரி முகம் மலர்ந்துகொண்டே வந்தது.

"அப்ப குறையே இல்லியா? அவங்கவங்க சாமான அவங்கவங்க எடுத்துக்கலாமா?"

"உனக்குத் தண்டனை பாக்கி இருக்குது. எல்லாம் உன்னுது" என்றாள் காஞ்சனா, தன் பையை அவன் மடியில் வைத்து.

கோவர்த்தனன் இலையை மடித்தான். "அந்த டோலக்கு வேணாம், நானே எடுத்துக்கிறேன். நீ கீபோர்ட எடு. இல்ல இரு, கீபோர்டும் நான்தான் எடுக்கணும்." தாட்சாயணி பக்கம் திரும்பினான். "அண்ணி, நாலாவது பாட்டு முன்னிசையில ஒண்ணு வுட்டீங்க."

"அத நீ கவனிச்சியா?" என்றாள் தாட்சாயணி. அதை யாரும் கவனிக்கவில்லை என்று பாயசம் வரை நிம்மதியாக இருந்தவள்.

"கவனிச்சேன். புத்தூர் வரைக்கும் சொல்லிக்கினே வரேன். மீதிய அடுத்த ஒத்திகையில சொல்றேன்" என்று எழுந்து கை கழுவப் போனான்.